மணிமுத்தாற்றில் 130 அடி: பைதான் செயற்கூறுகளின் அளபுருக்களை எங்கே, எப்படிச் சரிபார்ப்பது?

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டாரத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் சிலருக்காகப் பைதான் நிரல்மொழியில் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு முதலிய அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு ஆகியவற்றை ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரே செய்தியாகத் தொகுத்து, வாட்ஸ்அப் குழுவில் போடத்தக்க வடிவில் தருவது அதன் வேலை. எண்களைத் தருபவர் பணி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். செய்தித்தாளைப் பார்த்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் ஒரு எக்செல் தாளில் தட்டச்சு செய்து அனுப்புவார். நீண்ட நாள் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்த அந்த ஸ்கிரிப்ட், பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவிக்கொண்டிருந்த ஒரு காலையில், மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம் 130 அடி என்று அறிவித்தது. அரை மணி நேரத்துக்குள் கைபேசி ஒலித்தது. “தம்பி, மணிமுத்தாறு 130 அடின்னு போட்டிருக்கியளே, அணையே 118 அடிதானே, மிச்சத் தண்ணி எங்க நிக்குது?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

தாளில் ஒரு வரி இடம் மாறியிருந்தது. பாபநாசத்தின் எண் மணிமுத்தாற்றுக்கு நேரே விழுந்திருந்தது. பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, சேர்வலாற்றுக்கு 156 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி என்பது இப்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் செயற்கூறுக்கு, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, மட்டும் தெரியவில்லை. அதற்கு 130 என்பது குறையேதும் இல்லாத ஒரு தசம எண். இந்த ஸ்கிரிப்டை இனிப் பாளையங்கோட்டையில் படிக்கும் இரண்டு மாணவர்கள் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதால், கைமாற்றுவதற்கு முன்னர் உள்ளே வரும் மதிப்புகளைச் சரிபார்க்கும் முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்காக நான் ஒப்பிட்டுப் பார்த்த வழிகளையும், ஒவ்வொன்றும் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதையும் இங்கே எழுதுகிறேன். பாடநூல் தமிழில் செயற்கூறு, அதற்கு அனுப்பும் மதிப்பைப் பெறும் அளபுரு என்று வழங்குவனவற்றைப் பேச்சில் நாங்கள் ஃபங்ஷன், பாராமீட்டர் என்றே சொல்கிறோம்; இங்கே எழுத்து வழக்கைப் பின்பற்றுகிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்விகள் இரண்டு. தவறான மதிப்பு எவ்வளவு எளிதில் உள்ளே நுழையும் என்பது எல்லோரும் கேட்பது. சரியான மதிப்பு எவ்வளவு எளிதில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் என்பதைப் பலரும் கேட்பதில்லை. எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது அதுதான்.

சரிபார்க்காமலே விடுவது

பைதானில் ஊறியவர்கள் பலருடைய இயல்பான நிலைப்பாடு இது. அளபுருவின் இனத்தை, அதாவது எண்ணா எழுத்தா என்ற வகையை, முன்கூட்டி விசாரிக்காமல் அதைப் பயன்படுத்திப் பார்ப்பது, முடியாவிட்டால் மொழியே பிழையை எழுப்பட்டும் என்று விடுவது. இதில் நியாயம் உண்டு. எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக வந்த “118”-ஐ ஒரு எண்ணோடு கூட்டினாலும், பைதான் 3-இல் ஓர் எண்ணைவிடப் பெரிதா, சிறிதா என்று ஒப்பிட்டாலும், டைப் எரர் என்னும் இனப்பிழை உடனே எழும். நாம் தனியாக எழுத வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால் பெருக்கல் அப்படிப்பட்டதன்று. வினாடிக்கு 500 கன அடி என்ற வரத்தை ஒரு நாள் அளவாக மாற்ற 86,400-ஆல் பெருக்குகிறோம். 500 எண்ணாக வந்தால் விடை 4 கோடியே 32 லட்சம் கன அடி. அதுவே சரமாக வந்தால் பைதான் முணுமுணுக்காமல் “500” என்பதை 86,400 முறை அடுத்தடுத்து எழுதி, 2,59,200 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தைக் கையில் கொடுக்கும். அந்தச் சரம் வேறொரு செயற்கூறில், வேறொரு கோப்பில், யாருக்கும் புரியாத இடத்தில் போய் இடறும். அதற்குள் முதல் இரண்டு அணைகளின் பதிவு கோப்பில் எழுதப்பட்டுவிட்டிருக்கும். எழுதியவரே ஓட்டி, எழுதியவரே விடையைப் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு இந்த வழி போதும். அண்ணாச்சி தட்டச்சு செய்வதை முந்நூறு பேர் படிக்கும் இடத்துக்குப் போதாது.

அசர்ட்

‘இது உண்மையாக இருக்க வேண்டும், இல்லையேல் பிழை எழுப்பு’ என்று சொல்லும் கட்டளை இது. ஒரே வரியில் எழுதிவிடலாம் என்பதால் முதலில் கை இதற்குத்தான் போகும். இரண்டு காரணங்களால் வெளியிலிருந்து வரும் மதிப்புகளுக்கு இதை நான் ஒதுக்கிவிட்டேன். பைதானைப் பெரிய எழுத்து ‘ஓ’ என்ற விருப்பக்குறியோடு இயக்கினால், அல்லது அதற்கு இணையான சூழல் மாறியை யாரோ எப்போதோ அமைத்து வைத்திருந்தால், எல்லா அசர்ட் வரிகளும் இல்லாதவை ஆகிவிடும். காவலாளி வேலைக்கு வந்தாரா என்பதே ஓட்டுபவரின் கையில் இருக்கும். அடுத்தது, நிபந்தனையையும் பிழைச் செய்தியையும் சேர்த்து ஓர் அடைப்புக்குள் போட்டுவிட்டால் அது வெறுமையற்ற ஓர் இரட்டையாகி எப்போதும் உண்மை என்றே மதிப்பிடப்படும். பைதான் எச்சரிக்கை தருகிறது என்பது உண்மைதான். தானியங்கியாக ஓடும் ஸ்கிரிப்டின் எச்சரிக்கையை யார் பார்க்கிறார்கள்?

என் சொந்தத் தருக்கத்தில் நான் செய்யக்கூடிய தவற்றைப் பிடிக்க அசர்ட் நல்லது. எல்லா அணைகளையும் கணக்கிட்டு முடித்தபின் பட்டியலில் அத்தனை வரிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை; அண்ணாச்சியின் எண்களைப் பார்ப்பது அதன் வேலை இல்லை.

கைப்பட எழுதும் நிபந்தனைகள்

செயற்கூறின் தலையிலேயே சில ‘இஃப்’ வரிகளை எழுதி, இனம் தவறினால் டைப் எரரும், இனம் சரியாக இருந்து அளவு தவறினால் வேல்யூ எரரும் எழுப்புவது பழைய வழி. பிறர் எழுதிய நிரல்தொகுப்பான நூலகம் எதுவும் தேவையில்லை, படிப்பவர் எவருக்கும் புரியும், பிழைச் செய்தியைத் தமிழிலேயே எழுதலாம். ‘மணிமுத்தாறு: நீர்மட்டம் 130 அடி என வந்துள்ளது, உச்ச மட்டம் 118 அடி’ என்ற செய்தியைக் காலை ஆறரை மணிக்குப் படிக்கும் அண்ணாச்சி தாமே திருத்திவிடுவார். இந்த ஒரு நன்மைக்காகவே இவ்வழியின் பக்கம் நான் சாய்ந்தேன். சாய்ந்த பிறகுதான் அதன் குழிகளை ஒவ்வொன்றாகக் கண்டேன்.

முதற்குழி சுழியம். வரத்து தரப்படவில்லையா என்று பார்ப்பதற்காக, ‘வரத்து இல்லையெனில் பிழை எழுப்பு’ என்று பொருள்படும் குறுகிய நிபந்தனையை எழுதியிருந்தேன். பைதானில் சுழியமும் ‘இல்லை’ என்றே கொள்ளப்படும். கோடையில் வரத்து 0 என்பதும், மதகு அடைத்திருக்கும்போது வெளியேற்றம் 0 என்பதும் இங்கே அன்றாடச் செய்தி; உழவருக்கு மிகவும் வேண்டிய செய்தியும் அதுதான். அதை என் காவல் ‘தரவு இல்லை’ என்று திருப்பி அனுப்பியது. ‘நன்’ என்ற வெற்று மதிப்பா என்று வெளிப்படையாகக் கேட்பதே சரி.

அடுத்த குழி அதற்கு நேர் எதிரானது. எக்செல் தாளைப் பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு படிக்கும்போது, எண்கள் நிறைந்த நிரலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேன் ஆகிறது. அதன் இனமோ தசம எண்; ஆகவே இனச் சோதனையில் தேறிவிடும். அதை எதனுடன் ஒப்பிட்டாலும் சிறியதும் அன்று, பெரியதும் அன்று. ‘மட்டம் 0-க்குக் கீழோ 118-க்கு மேலோ இருந்தால் மறு’ என்று எழுதினால் நேன் சிரித்துக்கொண்டே உள்ளே போகும். அதையே புரட்டி, ‘0-க்கும் 118-க்கும் உட்பட்டு இல்லையென்றால் மறு’ என்று எழுதினால் வாசலிலேயே நிற்கும். இரண்டு வாக்கியங்களும் ஒன்றே என்று கணக்கு ஆசிரியர் சொல்வார். கணினியிடம் அவை ஒன்று அல்ல. இந்த ஒரு பழக்கத்தை, அதாவது தகாதவற்றைப் பட்டியலிடாமல் தகுந்ததை விவரித்து மற்றதையெல்லாம் மறுப்பதை, மாணவர்கள் இருவருக்கும் முதற்பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இனத்தைச் சோதிப்பதிலும் இடறல் உண்டு. ‘தசம எண்ணா?’ என்று மட்டும் கேட்டால், அண்ணாச்சி 118.0 என்று எழுதாமல் 118 என்று எழுதிய நாளில் முழு எண் மறுக்கப்படும். ‘முழு எண்ணோ தசம எண்ணோ’ என்று தளர்த்தினால் உண்மை, பொய் என்னும் பூலியன் மதிப்புகளும் கூடவே நுழையும். பைதானில் பூலியன் முழு எண்ணின் உள்ளினம், உண்மை என்பதை அது 1 என்றே எண்ணும். நடைமுறையில் அணை மட்டத்துக்கு யாரும் பூலியனை அனுப்பப் போவதில்லை என்பதால் இதை நான் பெரிதுபடுத்தவில்லை. கேட்டால் சொல்வதற்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

தமிழில் தரவு வரும்போது எழும் சிக்கல்கள் ஆங்கில வழிகாட்டிகளில் கிடைப்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழ் எண்களான ௧, ௧, ௮ ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதிய “௧௧௮” என்ற சரத்தைப் பைதானின் முழு எண் மாற்றி எந்தத் தயக்கமுமின்றி 118 என்று புரிந்துகொள்கிறது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் அவை பதின்ம இலக்கங்கள். ஆனால் பழைய முறையில் நூறு, பத்து ஆகியவற்றின் குறிகளைச் சேர்த்து “௱௰௮” என்று எழுதினால் அதே மாற்றி வேல்யூ எரர் எழுப்பும். ௱, ௰ ஆகியவை எண்மதிப்பு உடையவையாயினும் இலக்கங்களாகக் கருதப்படுவதில்லை. எங்கள் அண்ணாச்சி இரண்டு வகையாகவும் எழுதுவதில்லை என்றாலும், கோயில் கணக்கையோ பழைய பத்திரங்களையோ ஸ்கிரிப்டில் ஏற்றுபவர்களுக்கு இது பயன்படும். அன்றாடம் வருவது “1,200” என்ற காற்புள்ளி. அதைத் தசம எண் மாற்றி ஏற்காது. ஆகவே மாற்றுவதற்கு முன் காற்புள்ளியை நீக்குகிறேன். நீக்கியபின் இடவெளி பற்றிக் கவலை இல்லை, முன்னும் பின்னும் உள்ள இடவெளிகளை மாற்றியே விழுங்கிவிடும்.

அணையின் பெயர்தான் என்னை ஒரு முழு மாலை உட்கார வைத்தது. கொடுமுடியாறு அணையைப் பட்டியலில் சேர்த்த நாளிலிருந்து, திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிந்த இரண்டு “கொடுமுடியாறு”-கள் சமமல்ல என்று பைதான் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் எழுத்தான ‘கொ’-வில் உள்ள உயிர்க்குறியை ஒற்றை யூனிகோடு எழுத்தாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எழுத்துகளாகவும் சேமிக்கலாம். எந்த விசைப்பலகையில் அடித்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு நெறிப்படுத்தலின் என்எஃப்சி வடிவத்துக்கு இரண்டையும் மாற்றிய பின் ஒப்பிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பைதான் 3-இல் மாறிகளுக்கும் அளபுருக்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அந்தப் பெயர்களை மொழியே நெறிப்படுத்திக்கொள்கிறது. மாறிப் பெயராக இருக்கும் கொடுமுடியாறு எப்படி அடித்தாலும் ஒன்றே. மேற்கோளுக்குள் இருக்கும் கொடுமுடியாறு மட்டும் இரண்டு.

எல்லை என்பதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த வழியில் மட்டுமின்றி எந்த வழியிலும் விடை சொல்லியாக வேண்டும். நீர்மட்டத்துக்கு விடை எளிது, கட்டுமானமே எல்லையைத் தருகிறது. மழைக்கு அப்படி இல்லை. தொடக்கத்தில் ஒரு நாள் மழைக்கு 500 மில்லிமீட்டர் என்ற மேல்வரம்பை வைத்திருந்தேன்; அதற்கு மேல் பெய்யுமா என்ன என்ற எண்ணம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரையெங்கும் வெள்ளம் புகுந்தபோது, 1986 வரை எங்கள் மாவட்டத்தோடு ஒன்றாயிருந்த தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. என் வரம்பு அந்த எண்ணைத் ‘தவறான தரவு’ என்று தள்ளியிருக்கும். ஊருக்கு ஸ்கிரிப்ட் மிகவும் தேவைப்படும் ஒரே நாளில், உண்மையைப் பொய் என்று சொல்லி அது வாயை மூடிக்கொண்டிருக்கும். அன்று முதல், நடக்கவே முடியாத மதிப்பு, நடப்பது அரிதான மதிப்பு என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். எதிர்ம எண்ணான மழையளவு முதல் வகை. அதற்குப் பிழை எழுப்பலாம். 500-க்கு மேற்பட்ட மழையளவு இரண்டாம் வகை. அதை ஏற்றுக்கொண்டு, ‘உறுதிசெய்க’ என்ற கொடியை மட்டும் கட்டி அனுப்ப வேண்டும்.

95 என்ற எண்ணிலேயே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. செய்தித்தாள்கள் சில நாள் சென்டிமீட்டரிலும் சில நாள் மில்லிமீட்டரிலும் மழையை அச்சிடுகின்றன. 95 மில்லிமீட்டர் சாதாரண அடைமழை. 95 சென்டிமீட்டர் பேரிடர். எந்த இஃப் வரியாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ‘மழை’ என்றிருந்த அளபுருவின் பெயரை ‘மழை_மிமீ’ என்று மாற்றியதுதான் அதற்கு நான் கண்ட மருந்து.

இனக்குறிப்புகளும் முன்சரிபார்ப்பானும்

2015-இல் வந்த பைதான் 3.5 முதல் ஒவ்வோர் அளபுருவுக்கும் பக்கத்தில் அதன் இனத்தைக் குறிக்கும் நிலையான முறை உள்ளது. புதியவர்கள் ஏமாறும் இடமும் இதுவே: குறிப்பு எழுதியதால் மட்டும் ஓடும் நேரத்தில் ஒன்றும் சரிபார்க்கப்படுவதில்லை. தசம எண் என்று குறித்த இடத்துக்குச் சரத்தை அனுப்பினாலும் பைதான் அதைப் பொருட்படுத்தாது. மைபை, பைரைட் போன்ற கருவிகள் நிரலை ஓட்டாமலே படித்து, இனங்கள் பொருந்துகின்றனவா என்று சொல்கின்றன. பிஎச்பி மொழியில் 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் எண், சரம் போன்ற எளிய இனங்களைக் குறித்தால் மொழியே ஓடும்போது சோதிக்கிறது. கட்டளைமொழியான பவர்ஷெல்லிலோ இனத்தோடு நிற்காமல் ‘இந்த எல்லைக்குள்’, ‘இந்தப் பட்டியலுக்குள்’ என்றே அளபுருவின் தலைமேல் எழுதி வைத்துவிடலாம். அந்தச் சொகுசு பைதானுக்கு உடன்பிறந்ததன்று.

மைபையின் பலம் நாங்கள் எழுதும் நிரலுக்குள் இருக்கிறது. ஒரு மாணவர் செயற்கூறின் விடையாகச் சில வேளைகளில் மட்டும் வெற்று மதிப்பைத் தருமாறு மாற்றிவிட்டால், அதைப் பயன்படுத்தும் அத்தனை இடங்களையும் அது சுட்டிக்காட்டிவிடும். அடியையும் கன அடியையும் வெவ்வேறு பெயருள்ள இனங்களாக அறிவித்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கண்டிக்கச் செய்யலாம். அதன் பலவீனம், எக்செல் தாளுக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்கு எந்நாளும் தெரியாது. மணிமுத்தாற்றின் 130 அடியை ஆயிரம் முறை ஓட்டினாலும் அது பிடித்திருக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததும், ஆனால் எந்தக் கருவியும் கேட்காததுமான சிறு வசதி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அளபுருப் பட்டியலின் நடுவே ஓர் உடுக்குறியை (*) இட்டால், அதற்குப் பின்னுள்ளவற்றைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப முடியும், பைதான் 3.0 முதலே உள்ள வசதி இது. வரத்தும் வெளியேற்றமும் ஒரே இனம், ஒரே எல்லை, அடுத்தடுத்த இடம். இடம் மாற்றி அனுப்பினால் எந்தச் சோதனையும் விழிக்காது. பெயர் சொல்லி அனுப்பக் கட்டாயப்படுத்தினால் அந்தத் தவற்றைச் செய்வதே கடினமாகிறது. இந்தக் கட்டுரையில் வரும் வழிகளிலேயே செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது எதுவென்று கேட்டால், அந்த ஒற்றை உடுக்குறியைத்தான் காட்டுவேன்.

நூலகங்கள்

டைப்கார்ட், பேர்டைப் போன்றவை இனக்குறிப்புகளை ஓடும் நேரத்தில் சோதித்துத் தருகின்றன. இனத் தவறு எங்களுடைய முதன்மைச் சிக்கல் இல்லை என்பதால் அவற்றைக் கடந்து பைடான்டிக் நூலகத்துக்கு வந்தேன். 2023-இல் வெளியான அதன் 2-ஆம் பதிப்பில், செயற்கூறின் மேல் அலங்கரிப்பான் என்னும் ஒரு வரிக் குறிப்பை வைத்தாலே, உள்ளே வரும் ஒவ்வொரு மதிப்பும் குறிப்பிட்ட இனத்துக்கு மாற்றப்பட்டு, குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. கைப்பட எழுதிய என் நிபந்தனைகள் முதல் பிழையிலேயே நின்றுவிடும். அண்ணாச்சி ஒன்றைத் திருத்தி அனுப்பியபின் அடுத்ததைச் சொல்லும், அவருக்கு எரிச்சல் வரும். பைடான்டிக் எல்லாக் குறைகளையும் ஒருசேரத் தொகுத்துச் சொல்கிறது. இது சிறிய நன்மையன்று.

அதன் இயல்பான நடத்தை தாராளமானது: “118” என்று சரமாக வந்தால் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். தாளிலிருந்தும் படிவத்திலிருந்தும் வரும் தரவுக்கு அது உதவி. எங்கள் நிரலுக்குள் ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது அதுவே தவற்றை மூடி மறைக்கும் திரை. கண்டிப்பான முறைக்கு மாற்றவும் வழி உண்டு, மாற்ற வேண்டும் என்று நினைவிருந்தால்.

எங்கள் 130 அடிச் சிக்கலுக்கு அந்த அலங்கரிப்பான் மட்டும் போதாது. அது ஒவ்வோர் அளபுருவையும் தனித்தனியே பார்க்கிறது. மட்டத்தின் எல்லையோ அணையின் பெயரைப் பொறுத்தது. சேர்வலாற்றுக்காக 156 என்று பொதுவரம்பு வைத்தால் மணிமுத்தாற்றில் 130 தாராளமாகத் தேறிவிடும். இரண்டு அளபுருக்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், அவற்றை ஒரு மாதிரி வகுப்பாக எழுதி, முழுவதற்குமான சரிபார்ப்பைக் கையால் சேர்க்க வேண்டும். அவ்வளவு எழுதியபின், இஃப் வரிகளை விட நான் எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று பார்த்தால், எங்களுடைய சில அணைகளுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழாக்குவதற்குத் தனி வேலை. மேலும் மாணவர்களில் ஒருவர் கைபேசியில் டெர்மக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலி வழியாக ஸ்கிரிப்டை ஓட்டுபவர். பைடான்டிக்கின் உட்பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டிருப்பதால், அங்கே அதை நிறுவும்போது உட்பகுதியைக் கைபேசியிலேயே மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டி வரலாம். முப்பது அணைகள், பத்துப் படிவங்கள், வலைவழித் தரவு என்று இந்த வேலை வளர்ந்தால் மறுபேச்சின்றி பைடான்டிக்கையே எடுப்பேன்.

எங்கே சரிபார்ப்பது

இவ்வளவு நேரம் ‘எப்படி’ என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தாலும், முடிவைத் திருப்பியது ‘எங்கே’ என்ற கேள்விதான். முதலில் எழுதிய திருத்தத்தில், பதிவு செய்யும் செயற்கூறு, நாளளவைக் கணக்கிடும் செயற்கூறு, செய்தியைக் கோக்கும் செயற்கூறு என்று ஒவ்வொன்றின் தலையிலும் அதே நிபந்தனைகளை ஒட்டியிருந்தேன். ஒரு எல்லையை மாற்ற மூன்று இடங்களைத் தொட வேண்டியிருந்தது. தொட மறந்த இடம் ஒன்று வாரத்துக்குள் வெளிப்பட்டது. கால்வாயில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைத் தலைமதகில் முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு வயலின் வாமடையிலும் அதே கணக்கை மறுபடி போடுவதில்லை.

ஆகவே தாளின் ஒரு வரியைப் பெறும் செயற்கூறு ஒன்றே வாயிலாக அமைந்தது. அது பெயரை நெறிப்படுத்தும், காற்புள்ளியை நீக்கும், எண்ணாக மாற்றும், அந்த வரியில் உள்ள எல்லாக் குறைகளையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். குறை இல்லையென்றால் பல மதிப்புகளைப் பெயரிட்டு ஒன்றாகக் கட்டும் தரவு வகுப்பு ஒன்றின், அதாவது ‘அணைப்பதிவு’ என்ற மாற்றமுடியாத வகுப்பின், உருப்படியாக அதைத் திருப்பித் தரும். 2018-இல் வந்த பைதான் 3.7 முதல் தரவு வகுப்புகள் மொழியின் நிலையான நூலகத்திலேயே இருப்பதால் டெர்மக்ஸிலும் தொல்லை இல்லை. அணைக்கும் மட்டத்துக்கும் உள்ள உறவு அந்த வகுப்பு உருவாகும் தருணத்திலேயே சோதிக்கப்படுகிறது. ஒரு பதிவிலிருந்து ஒரு மதிப்பை மட்டும் மாற்றி மற்றொரு பதிவை உண்டாக்கும்போதும் அதே சோதனை மறுபடி ஓடும். உள்ளே உள்ள மற்ற செயற்கூறுகள் சரத்தையோ தனி எண்ணையோ ஏற்பதில்லை, அணைப்பதிவை மட்டுமே ஏற்கின்றன. அவற்றில் எல்லைச் சோதனை எதுவும் இல்லை. இனக்குறிப்புகளையும் மைபையையும் அங்கே வைத்திருக்கிறேன். வாயிலைத் தவிர்த்துவிட்டு உள்ளே குதிக்க முயலும் நிரலை அது கண்டுபிடிக்கும்.

வாயிலால் பிடிக்க முடியாதது ஒன்று எஞ்சியது. பாபநாசத்தில் 100 அடியும் மணிமுத்தாற்றில் 80 அடியும் இருக்கும் நாளில் இரண்டு வரிகளும் இடம் மாறினால், எந்த எல்லையும் மீறப்படுவதில்லை. நேற்றைய மட்டத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆனால் ஓர் அளபுருவைச் சரிபார்க்கும் செயற்கூறு நேற்றைய கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கினால், அதைத் தனியே சோதிப்பதே இயலாமல் போகும். எனவே அந்த ஒப்பீட்டை வாயிலுக்கு அடுத்த தனிப்படியாக வைத்து, ஒரு நாளில் 10 அடிக்கு மேல் மாறியிருந்தால் மறுக்காமல் கொடி மட்டும் கட்டச் செய்தேன். பெருமழையில் அதைவிட வேகமாகவும் மட்டம் உயரும். கொடி விழுந்தால் செய்தி போகும் முன் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி போகும், ‘ஆம்’ என்று அவர் சொன்னால் அப்படியே வெளியாகும்.

மாணவர்களிடம் கொடுக்கும்போது நிரலோடு ஒரு சிறு பட்டியலையும் கொடுத்தேன். வாயிலில் யார் எதை மாற்றினாலும் முதலில் இவற்றை அனுப்பிப் பார்க்க வேண்டும்: வரத்து 0; மட்டம் 118, 118.0, “118”, “௧௧௮”, மணிமுத்தாற்றுக்கு 130, காலிக் கட்டம், நேன்; வரத்து “1,200”; இரண்டு விதமாக அடித்த கொடுமுடியாறு, மழை −1, மழை 950. இவற்றில் 130, காலிக் கட்டம், நேன், −1 ஆகிய நான்கும் மறுக்கப்பட வேண்டும். 950 கொடியோடு உள்ளே வர வேண்டும். மற்றவை சத்தமின்றி வர வேண்டும். அண்மையில் அவர்களில் ஒருவர் அந்தப் பட்டியலில் ‘வெளியேற்றம் - அடைப்பு’ என்ற வரியைச் சேர்த்திருந்தார். கேட்டபோது, அண்ணாச்சி மதகு அடைத்த நாளில் 0 என்று எழுதாமல் அப்படித்தான் எழுதுகிறார் என்றார். அதை 0 என்று மாற்றிக்கொள்வதா, மறுப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாற்றிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.